மிலிட்டரிக்காரர் சங்கமும் சுடுகாட்டுப் பாதையும்

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, நம் வேலூர் மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில் முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடல் நடந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள திருமண மண்டபத்தில் கூட்டம். காலை எட்டு மணிக்கே வாசலில் மோட்டார் சைக்கிள்கள் கயிறு பிடித்ததுபோல் ஒரே வரிசையில் நின்றிருந்தன. பட்டாளத்துப் பழக்கம் எளிதில் போகாது. படிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் அமர்வில் பேச எங்களையும் அழைத்திருந்தார்கள்.

ஒரு டீக்கடை பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கூடித் தொடங்கிய சங்கம் இது. ஓய்வூதியத்தில் பிழை வந்தால் யாரிடம் போவது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதுதான் தொடக்கம். ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ திட்டத்தை 2015-இல் மத்திய அரசு அறிவித்தபோது, நிலுவைத் தொகையைக் கணக்குப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ இணையதளத்துக்கு மாறியபோது இன்னும் பெருகியது. கைப்பேசியில் வாழ்நாள் சான்றிதழ் பதிவு செய்யத் தெரியாத பெரியவர்களுக்கு, தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்து கொடுத்தார்கள். இன்று மண்டபம் கொள்ளாத அளவுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

இந்தச் சங்கம் செய்த நல்ல காரியங்களை நாங்கள் நேரில் அறிவோம். கணவர் இறந்து நான்கு ஆண்டாகியும் குடும்ப ஓய்வூதியம் வராமல் ஓர் அம்மா அலைந்துகொண்டிருந்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் பெயர் ஒரு மாதிரி. ஆதாரில் வேறு மாதிரி. பெயரை எழுதிய அந்தக் கால எழுத்தருக்குத் தமிழ் தெரியாது. சங்கத்துக்காரர்கள் ஆவண அலுவலகத்துக்கு எழுதி, நினைவூட்டி, மறுபடி எழுதி, பெயரைத் திருத்தி வாங்கிக் கொடுத்தார்கள். அந்த அம்மா காலனியைச் சேர்ந்தவர். திருத்தி வாங்கித் தந்தவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். இதையும் சொல்லியாக வேண்டும்.

கொடியேற்றினார்கள். உயிர்நீத்தவர்களுக்கு இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். கேண்டீன், மருத்துவ அட்டை என்று பேச்சு போனது. நன்றியுரைக்கு முன் செயலாளர், “யாருக்காவது கருத்து இருந்தா சொல்லலாம்” என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எண்பதை நெருங்குபவர். மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1971 போரைப் பார்த்தவர். காலனியில் அவரை ‘மிலிட்டரி தாத்தா’ என்று சொன்னால்தான் தெரியும்.

“சார், போன மாசம் நம்ம சுபேதார் சார் தவறிட்டாரு. சங்கத்துல இருந்து நாப்பது பேரு போனோம். மலர்வளையம் வச்சோம். ஊர்த்தெரு வழியா சுடுகாடு வரைக்கும் நடந்தே போனோம். நல்ல மரியாதை. நான் கேக்கறது ஒண்ணுதான். நான் செத்தாலும் சங்கத்துல இருந்து மலர்வளையம் வரும். அது எனக்குத் தெரியும். என்னை எந்த வழியா தூக்கிக்கிட்டுப் போவீங்க?”

மண்டபத்தில் பேச்சு நின்றுவிட்டது. அங்கே இருந்த எல்லோருக்கும் விவரம் தெரியும். அந்தக் காலனியின் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது. ஏரிக்கால்வாயை ஒட்டி, வரப்பில் இறங்கித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். செயலாளர் நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “ஐயா, அது ஊர் விவகாரம். சங்கத்துல சாதி பேசக் கூடாதுன்னு விதியிலயே இருக்குது.” பெரியவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு பிரியாணி பரிமாறினார்கள். ஒரே பந்திதான். யாரும் யாரையும் விலக்கவில்லை.

‘என் பேரு வேணாம் தம்பி, கேள்வி போதும்’ என்று அவர் சொன்னதால் இதை எழுதுகிறோம்.

சங்கத்தில் சாதி பேசக் கூடாது என்பது கேட்க நல்ல விதிதான். ஒற்றுமை கெடக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதியிருப்பார்கள். ஆனால் சாதியால் அடிபடுகிறவன் வாயைத்தான் அந்த விதி கட்டுகிறது. அடிக்கிற சாதியை அது ஒன்றும் செய்வதில்லை. ஓய்வுபெற்ற சிப்பாய்கள் கூடிப் பேச வேண்டியது ஓய்வூதியத்தை மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே மராட்டியத்தில் நம் மக்கள் விடை எழுதியிருக்கிறார்கள். மாணவர்கள் அந்த வரலாற்றை அறிய வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர் சமூகத்தவர் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். ஊருக்குள் எழுத்தைத் தொட விடாத காலத்தில், படைப்பிரிவுப் பள்ளிகளில் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எழுதப் படிக்கக் கற்றார்கள். ஓய்வு பெற்றதும் அவர்களில் பலர் கொங்கணப் பகுதியின் தாபோலி என்ற ஊரில் குடியேறினார்கள். கையில் ஓய்வூதியம், தலையில் எழுத்து, பக்கத்து வீட்டிலும் ஒரு பழைய சிப்பாய். சங்கம் தோன்ற வேறென்ன வேண்டும்?

அங்கிருந்து எழுந்தவர்தான் கோபால் பாபா வலங்கர். 1886-இல் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். 1888-இல் தீண்டாமையைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டார். ‘அனார்ய தோஷ் பரிஹாரக் மண்டலி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோர் தாமே அமைத்த முன்னோடி அமைப்புகளில் அது ஒன்று. அதன் பின்னால் இருந்தவர்களில் பலர் ஓய்வூதியம் வாங்கிய சிப்பாய்கள்.

1890-களின் தொடக்கத்தில் ஆங்கில அரசு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. சில சாதிகள் ‘போர்க்குடிகள்’, மற்றவர்கள் போருக்கு ஆகாதவர்கள் என்றொரு கொள்கை அப்போது ஆங்கில அதிகாரிகளிடம் செல்வாக்குப் பெற்றிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி பிடித்தவர்களை ஒரே உத்தரவில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். மறுபடியும் சேர்க்கக் கோரி 1894-இல் வலங்கர் ஒரு விண்ணப்பம் எழுதினார். பதக்கம் வாங்கிய கையில் பேனா ஏறியது இப்படித்தான்.

அதே தாபோலியில் குடியேறிய சிப்பாய்க் குடும்பங்களில் சுபேதார் ராம்ஜி சக்பாலின் குடும்பமும் ஒன்று. படைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் மகன்தான் 1891-இல் மோவ் படை முகாமில் பிறந்த பீமராவ். அண்ணல் அம்பேத்கர் தாய்வழியிலும் சுபேதார்-மேஜர் ஒருவரின் பேரன்.

சுபேதார் மகனாக இருந்தும் என்ன நடந்தது? 1901-இல் சிறுவன் பீமராவ், தந்தை வேலை பார்த்த ஊருக்கு உடன்பிறந்தாருடன் ரயிலில் போனார். மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். நல்ல உடை, நல்ல பேச்சு. நிலைய அதிகாரி பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துக் கேட்க, மகர் என்று பிள்ளைகள் சொல்ல, அவர் முகம் மாறிவிட்டது. வண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. இரட்டிப்பு வாடகை தருவதாகச் சொன்ன பிறகு, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்துவர ஒப்புக்கொண்டார். வழியெங்கும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தந்தையின் பதவி பிள்ளைக்கு ஒரு குவளைத் தண்ணீர் வாங்கித் தரவில்லை. அண்ணலே இதை எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து வந்தவர் புனேயின் சிவராம் ஜன்பா காம்ப்ளே. இவர் சிப்பாய் இல்லை. ஆனால் சிப்பாய்க் குடும்பங்களின் கோரிக்கையைத் தன் கோரிக்கையாக எடுத்துக்கொண்டவர். 1903-இல் சாஸ்வட் என்ற ஊரில் 51 கிராமங்களின் மகர்களைக் கூட்டினார். 1908 முதல் ‘சோமவம்சிய மித்ரா’ என்ற இதழை நடத்தினார். 1910-இல் லண்டனில் இருந்த இந்திய அமைச்சருக்கே மனு அனுப்பினார். படையிலும் காவல்துறையிலும் எங்களைச் சேருங்கள் என்பது கோரிக்கை. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் ‘111-ஆவது மகர்’ படைப்பிரிவை அமைத்தார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில் கலைத்துவிட்டார்கள்.

பீமா கோரேகான் ஒன்றுகூடலை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 1818 ஜனவரி 1 அன்று புனே அருகே பீமா நதிக்கரையில், சுமார் 800 பேர் கொண்ட கம்பெனிப் படை பேஷ்வாவின் பெரும்படையை நாள் முழுதும் எதிர்த்து நின்றது. மெட்ராஸ் பீரங்கிப் படையின் இரண்டு பீரங்கிகளும் அந்தக் களத்தில் இருந்தன. அங்கே எழுப்பிய நினைவுத் தூணில் 49 பெயர்கள் உள்ளன. அவற்றில் 22 பெயர்கள் மகர் வீரர்களுடையவை. ‘நாக்’ என்று முடியும் பெயர்களைக் கொண்டு அறியலாம்.

இந்தத் தூணின் முன் காம்ப்ளேவும் தோழர்களும் கூட்டம் நடத்தினார்கள். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அங்கே வந்தார். மூன்றே மாதத்தில், மார்ச் 20 அன்று, மகத் நகரின் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று தண்ணீரை அள்ளிப் பருகினார். அந்த ஊர்வலத்தில் பழைய சிப்பாய்கள் பலர் நடந்தார்கள். தூணின் முன் கூடியது ஜனவரியில். குளத்துக்கு நடந்தது மார்ச்சில். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பின்னர் 1941-இல் மகர் படைப்பிரிவு மறுபடி எழுந்தது. தொடக்கத்தில் அதன் தொப்பிச் சின்னத்தில் இருந்தது அந்தக் கோரேகான் தூண்தான். இன்று ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று லட்சக்கணக்கான மக்கள் அங்கே திரள்கிறார்கள்.

ஆங்கிலேயனுக்காகச் சண்டை போட்டதில் என்ன பெருமை என்று சிலர் கேட்கிறார்கள். மாணவர்களும் கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். கம்பெனி நமக்கு விடுதலை வாங்கித் தர வரவில்லை. சிப்பாயைப் பயன்படுத்தியது, தேவை தீர்ந்ததும் தள்ளியது. அதை மேலே பார்த்தோம். அந்தத் தூணில் மராட்டியர், ராஜபுத்திரர், முஸ்லிம் பெயர்களும் இருக்கின்றன என்பதும் உண்மை. பேஷ்வா ஆட்சியில் சாதிக் கொடுமை எந்த அளவில் இருந்தது என்பதும் உண்மை. அங்கே கூடுகிறவர்கள் கம்பெனியின் வெற்றியைக் கொண்டாடப் போவதில்லை. ‘நீ கோழை, நீ தாழ்ந்தவன்’ என்று தலைமுறைகளாகச் சொன்ன பொய்க்குக் கல்லில் எழுதிய மறுப்பைக் கண்ணால் பார்க்கப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தையும் பொறுக்காதவர்கள் இருக்கிறார்கள். இருநூறாம் ஆண்டான 2018-இல் அங்கே வன்முறை நடந்து ஓர் உயிர் போனது. நினைவு நாளுக்குப் போவதே பலருக்கு இன்னும் போராட்டமாகத்தான் இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். மதராஸ் படையிலும் இதே கதைதான். பறையர் சமூகத்தவரும் கிறித்தவர்களும் கணிசமாக இருந்த படை அது. 1880-களின் தொடக்கத்தில் அந்தப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு ஆகாதவன் என்ற முடிவுக்கு வந்தார். பிறகு அவரே இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி ஆனார். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 1928-இல் கடைசிப் பிரிவும் போனது. பாதை வெட்டவும் பாலம் கட்டவும் பெயர்பெற்ற மதராஸ் சாப்பர்ஸ் மட்டும் பெங்களூரில் நிலைத்தது. நம் தாத்தாக்கள் பலர் சேர்ந்தது அதில்தான். இன்றும் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு அனுப்பும் ஊர்கள் இருக்கின்றன. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு பதித்த கல்வெட்டுகளைச் சில ஊர்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், பெயர் இருக்காது. கோரேகான் தூணில் பெயர் இருந்தது. அதனால்தான் நூறு ஆண்டு கழித்தும் பேரன்கள் தேடிப் போய், ‘இது எங்கள் ஆள்’ என்று கைவைத்துச் சொல்ல முடிந்தது. எண்ணிக்கையைக் கட்டிப்பிடித்து யாரால் அழ முடியும்?

இப்போது மிலிட்டரி தாத்தாவின் கேள்விக்கு வருகிறோம். அது வெறும் பயம் என்று சொல்ல வேண்டாம். 2019 ஆகஸ்டில், அப்போது நம் மாவட்டத்தில் இருந்த வாணியம்பாடி வட்டத்து நாராயணபுரத்தில் என்ன நடந்தது? சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஆதிக்கச் சாதியார் நிலத்தின் வழியே போகிறது. விட மாட்டோம் என்றார்கள். இறந்தவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

சட்டம் இருக்கிறது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சுடுகாடு, இடுகாடு, பொதுச் சாலை, பொதுவழி ஆகியவற்றை மற்றவர்களைப்போல் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பிணத்தை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பம் புகார் மனு எழுதும்? அழுவார்களா, காவல் நிலைய வாசலில் நிற்பார்களா? ஆகவே கால்வாய் வழியே தூக்கிப் போகிறார்கள். சட்டம் ஊர்த்தெரு முனையிலேயே நின்றுவிடுகிறது.

இங்கேதான் முன்னாள் படைவீரர் சங்கத்தால் ஒரு காரியம் செய்ய முடியும். வேறு எந்த அமைப்பாலும் இவ்வளவு எளிதாக முடியாது. ஏனென்றால் சங்கத்தில் ஊர்த்தெருக்காரரும் இருக்கிறார், காலனிக்காரரும் இருக்கிறார். லங்கரில் ஒரே தட்டு வரிசையில் நின்றவர்கள். ஒரே பங்கரில் தூங்கியவர்கள். அடிபட்டபோது இரத்தம் கொடுத்தவனின் சாதியைக் கேட்காதவர்கள். ஊரில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

நாங்கள் கேட்பது பெரிதொன்றும் இல்லை. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். உறுப்பினர் எவர் இறந்தாலும், எந்தத் தெருவில் இறந்தாலும், சங்கத்தார் அனைவரும் அவர் வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரை பொதுச்சாலை வழியே உடன் நடப்போம் என்று நான்கு வரி எழுதுங்கள். அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் இப்போதே கொடுங்கள். ஒருவர் இறந்த பிறகு கொடுக்க நேரம் இருக்காது. இதில் சாதி பேசுவது எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் ஒரே மரியாதை என்ற பட்டாளத்து விதியைத்தான் ஊருக்குள் கொண்டு வருகிறீர்கள்.

நம் காலனிகளில் உள்ள முன்னாள் படைவீரர்களுக்கும் ஒரு சொல். ஓய்வூதியம் வந்ததும் நகரத்தில் மனை வாங்கிப் போய்விட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அவமானத்திலிருந்து தப்பிக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் வலங்கர் தன் ஓய்வூதியக் காலத்தை எதற்குச் செலவிட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். வாரம் ஒரு நாள் காலனிக்கு வந்து, படை வேலைக்கு முயலும் பிள்ளைகளை விடியற்காலையில் ஓட விடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.

மாணவர்களுக்குச் சொல்ல இருப்பதும் எளிய வேலைதான். ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் காலனியில் பட்டாளத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். யார் யார் என்று எழுதுங்கள். பெயர், படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, போன இடங்கள், மனைவியின் பெயர். அவர் மணியார்டருக்குக் காத்திருந்து பிள்ளைகளை வளர்த்த கதையும் அந்தப் போரைச் சேர்ந்ததுதான். டிரங்குப் பெட்டியில் செல்லரித்துக்கொண்டிருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் படம் எடுத்து வையுங்கள். எண்பது வயதுக்காரர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

சங்கங்கள் பெருகட்டும், ஒன்றுகூடல்கள் பெருகட்டும். அடுத்த பொங்கலுக்கும் அந்த மண்டபத்தில் கொடி ஏறும், பிரியாணி வேகும், பின்வரிசையில் மிலிட்டரி தாத்தா உட்கார்ந்திருப்பார். அவர் கேள்வியை நாங்கள் இரண்டாம் முறை கேட்பதற்குள் சங்கம் பதில் எழுதிவிட வேண்டும்.